காட்மாண்டில் ஒரு திண்டுக்கல் பூட்டு

பாஸ்போர்ட் இல்லாமலேயே போகக்கூடிய வெளிநாடு ஒன்று இருக்கிறது என்று என் கணவருக்குத் தெரிந்த நாளில்தான் நாங்கள் வெளிநாடு போவது முடிவானது. எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் ரிக் வண்டி வைத்திருந்தார். தோட்டமும் வீடும் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில். வண்டி மட்டும் ராஜஸ்தான், பீகார் என்று ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கும். வண்டியோடு அவரும் போய்விடுவார். அங்கே மழை பிடித்து, மண் இளகி, வண்டி நகர முடியாமல் நின்றால்தான் வீட்டுக்கு வருவார். கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது. குழந்தை இல்லை. விசேஷங்களுக்குப் போனால் அதை வைத்துக் கேலி பேசுவார்கள். நானும் சிரித்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் அழுகை வரும்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஊருக்குள் இல்லை; தோட்டத்தின் நடுவில் தனியாக நிற்கும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு கிடையாது. மாமியார் நான் வாழ்க்கைப்படும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, நானும் மாமனாரும்தான். அவர் சந்தைக்கோ ஆட்டுப்பட்டிக்கோ கிளம்பும்போது என்னை உள்ளே விட்டு முன்கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். தனித் தோட்டத்து வீடுகள் சிலவற்றில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று வருகிறவனுக்குத் தெரிந்துவிடும். வெளியே பூட்டுத் தொங்கினால் ஆளில்லை என்று போய்விடுவான். ஆளில்லாத வீடென்றால் திருடனுக்கு இன்னும் வசதிதானே என்று ஒருமுறை கேட்டேன். திருட்டுப் போனால் பொருள்தான் போகும் என்றார் மாமனார்.

பூட்டுத் தொங்கும்போது உள்ளே சத்தம் வரக் கூடாது. அதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அம்மியில் அரைக்கக் கூடாது. ரேடியோவைத் திருகக் கூடாது. யார் வந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. சட்டி பானை விற்கும் ஒரு அம்மா தலையில் கூடையோடு வருவாள். வாசலில் நின்று கூப்பிடுவாள். நான் ஜன்னல் இடுக்கில் அவளுடைய வேர்த்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். குழம்புச் சட்டி விரிசல் விட்டு, புதுச்சட்டி வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நாளிலும் அப்படித்தான் நின்றேன். பூட்டைப் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். மனிதர்கள் என் வீட்டைத் தேடி வந்து, நான் இல்லை என்று முடிவுசெய்து திரும்பிப் போவதை உள்ளே இருந்தபடி பார்ப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. பழகியது என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் நான் அடைபட்டுக் கிடக்கவில்லை. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம். திறந்தால் மதில் சுற்றிய பின்கட்டு, நாங்கள் பொடக்காளி என்போம். தண்ணீர்த் தொட்டி, துவைகல், குளிக்க ஒரு மறைப்பு, மேலே வானம் எல்லாம் அங்கே இருந்தன. நெருப்புப் பிடித்தாலும் மதில் ஏறிக் குதித்துவிடலாம். முன்னால் பூட்டு, பின்னால் பொடக்காளி. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வழக்கம். ஆனால் பூட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் பொடக்காளியைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த வருஷம் மழைக்கு வீடு வந்தவர், மறுபடி வண்டிக்குப் போகுமுன் என்னை நேபாளத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். பீகாரில் அவருடைய வண்டிக்கு வெல்டிங் வேலை செய்யும் பட்டறைக்காரரின் மைத்துனர் காட்மாண்டில் இருக்கிறார். சொந்த வீட்டின் மாடியைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். லாட்ஜ் வேண்டாம் என்பதில் என் கணவர் உறுதியாக இருந்தார். நாலுபேர் வந்துபோகிற இடத்தில் குடும்பத்தோடு தங்குவது அவருக்கு ஒத்துவராது. எனக்கு எங்கே தங்கினாலும் சரி. சேர்ந்தாற்போல் பத்து நாள் அவர் என் பக்கத்தில் இருப்பார் என்பதே போதும்.

முன்பின் தெரியாத நாட்டில் முகம் தெரியாதவர் வீட்டை எடுப்பதென்றால் சும்மாவா? அவர் செய்த விசாரணையில் பெண்ணே கொடுத்திருக்கலாம். வீட்டுக்காரருக்கு என்ன தொழில், குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா, எத்தனை தலைமுறையாக அதே ஊர் என்று பட்டறைக்காரரைத் துளைத்து எடுத்தார். வீடு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஒரு போட்டோவும் கேட்டு வாங்கினார். படத்தில் வீட்டுக்காரரும் மனைவியும் குழந்தைகளும் வரிசையாக நின்றார்கள். வீட்டில் பாதியை அவர்களே மறைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அவர்களைத்தான் உற்று உற்றுப் பார்த்தோம். முகத்தைப் பார்த்தால் நல்ல குடும்பமாகத் தெரிகிறது என்றார் மாமனார். மாடிக்கு எத்தனை வழி என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வாடகையில் பாதியை முன்பணமாக அனுப்பி மீதியை வீட்டைப் பார்த்த பிறகு கொடுப்பதாக ஏற்பாடு. நகைகளை அம்மா வீட்டில் வைத்துவிட்டேன். வீட்டு முகவரியை அந்த ஊர் எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடைசியில், கிளம்பும் அன்று காலை, முன்கதவில் தொங்கிய திண்டுக்கல் பூட்டைக் கழற்றித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். அடுத்தவன் கொடுக்கும் பூட்டுக்கு இன்னொரு சாவி அவனிடமே இருக்குமாம். எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்தாலும் உடைக்கலாம், வேறு சாவிபோட்டுத் திறக்க முடியாது. இவ்வளவு ஜாக்கிரதையான மனிதர் எனக்கு வாய்த்திருக்கிறார் என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறியது முதல் நாட்கணக்கில் பயணம். கடைசியில் மலைப்பாதையில் ஒரு பஸ். வழியெல்லாம் அவர் தூங்கினார், அல்லது ரிக் வண்டி வேலையில் கற்ற இந்தியில் மற்ற பயணிகளோடு பேசினார். நான் ஜன்னல் பக்கம். இரண்டு பேராகப் போகும்போதும் தனியாகப் போவதுபோல இருக்க முடியும் என்று அந்தப் பஸ்ஸில் எனக்குத் தெரிந்தது. அவருக்கு என்னோடு பேசக்கூடாது என்றெல்லாம் இல்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பஸ் நிலையத்திலிருந்து ஒரு சுமைதூக்கி டிரங்குப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். நாங்கள் பின்னால் போனோம். போட்டோவில் இருந்த வீடு அப்படியே இருந்தது. போட்டோவில் இருந்த மனிதர்களும் இருந்தார்கள். செங்கல் வீடு, ஒடுங்கிய சந்து, செங்குத்தான மரப்படிகள். மாடியில் எங்களுக்கு ஒரு பெரிய அறை. வீட்டுக்காரர் வேலை விஷயமாக மறுநாள் விடியற்காலையே வெளியூர் கிளம்புவதாகச் சொன்னார். அவர் மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் சிரித்தது அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை என் கணவர் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு தலை சீவினார். ஊருக்கு வெளியே போர்வெல் போட ஆள் தேடுகிறார்களாம், ஒருவரைப் பார்த்துவிட வேண்டுமாம். ஊர் சுற்றத்தான் வந்தோம் என்று நினைத்திருந்தேன். எனக்கு முகம் வாடிவிட்டது. அதை அவர் கவனித்தார் என்றே நினைக்கிறேன்.

"மத்தியானச் சோத்துக்கு வந்தர்றேன் அம்மிணி. கதவப் பூட்டிக்கறேன், நீ பாட்டுக்கு இரு" என்றார்.

சொல்லிக்கொண்டே பூட்டை எடுத்தார். எங்கள் இருவருக்கும் அது புதிதாகத் தோன்றவில்லை. செருப்பை மாட்டுவதுபோல, பூட்டை மாட்டிவிட்டுப் போனார். நானும் கதவுக்கு உள்ளே நின்று அந்தப் பழகிய 'க்ளக்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. வீட்டுக்காரியின் கொலுசுச் சத்தம். கதவருகில் வந்து என்னவோ கூப்பிட்டாள். தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி, அன்பான குரல். பூட்டை ஒருதரம் அசைத்துப் பார்த்தாள். நான் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சைக்கூட மெல்ல விட்டேன். ஊரில் இத்தனை வருஷம் செய்ததைத்தான் செய்தேன்; பூட்டுத் தொங்குகிறது, ஆகவே நான் இல்லை. அவள் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. படியிறங்கினாள். பிறகு குழந்தைகளின் பேச்சுச் சத்தம், தெருக்கதவைச் சாத்தும் சத்தம். பண்டிகைக் காலம், அவள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். நாங்கள் இருவரும் வெளியே போயிருக்கிறோம் என்று நினைத்து, தெருக்கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுப் போயிருந்தாள்; அவள் நினைத்ததில் தப்பில்லை.

மத்தியானம் ஆயிற்று. அவர் வரவில்லை. வெயில் சந்துக்குள் இறங்கி, நகர்ந்து, எதிர்ச் சுவரில் ஏறியது. கூஜாவில் இருந்த தண்ணீர் தீர்ந்தது. கழிப்பிடம் கீழே, முற்றத்து மூலையில். என்னையறியாமல் எழுந்து பின்கதவைத் தேடினேன். அறையின் பின்சுவர் வரை போய்க் கையை வைத்த பிறகுதான் உறைத்தது. இந்த வீட்டுக்குப் பொடக்காளி இல்லை. இருக்கிற ஒரே வழியை நாங்களே பூட்டியிருக்கிறோம், அதுவும் யாராலும் திறக்க முடியாத பூட்டால்.

அந்த நேரத்துப் பயத்தை எப்படிச் சொல்வது? திருடன் வருவான் என்ற பயமில்லை. யாருமே வரமாட்டார்கள் என்ற பயம். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? பஸ் கவிழ்ந்திருந்தால்? நான் இங்கே இருப்பது இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தியும் நான் இல்லை என்று நம்பிப் போய்விட்டாள். சுவரில் அவருடைய நேற்றைய சட்டை தொங்கியது. கையை விட்டுப் பார்த்தேன். முகவரிச் சீட்டு பையிலேயே இருந்தது. சாவி அவரிடம், முகவரி என்னிடம். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுதேன். அவசரம் தாங்காமல் அறை மூலையில் இருந்த வாளியைப் பயன்படுத்திக்கொண்டேன். அந்த அவமானம் இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு ஆறவில்லை.

அப்போதும் ஜன்னலைத் திறக்கத் துணிச்சல் வரவில்லை. திறந்தால் உள்ளே ஒரு பெண் தனியாக இருப்பது ஊருக்கே தெரிந்துவிடுமே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. தெரியட்டும், தெரிந்தால்தானே பிழைப்பேன் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கையை எடுத்துத் தாழ்ப்பாளில் வைக்கவே நெடுநேரம் ஆயிற்று. மரஜன்னலைத் தள்ளியதும் வெளிச்சத்தில் கண் கூசியது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற மாதிரி எதிர்வீட்டு ஜன்னல். அங்கே ஒரு பெண் முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க" என்றேன்.

எங்கள் ஊரில் எதற்கும் முதலில் வருகிற சொல் அது. அவளுக்கு அது என்ன தெரியும்? ஆனாலும் நிமிர்ந்தாள். கதவைக் காட்டினேன், பூட்டுகிற மாதிரி கையைத் திருகிக் காட்டினேன், தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவள் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது துணி காயப்போடும் மூங்கில் கழியின் நுனியில் ஒரு சின்னப் பித்தளைச் சொம்பைக் கட்டிச் சந்துக்குக் குறுக்கே நீட்டினாள். பாதி தளும்பிக் கீழே சிந்தியது. மீதியைக் குடித்தேன். அப்படி ஒரு தண்ணீரை நான் அப்புறம் குடித்ததில்லை.

ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொல்லட்டுமா என்று முறத்தைத் தட்டிச் சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அடுத்தவர் வீட்டுக் கதவு. என் கணவர் வந்து பார்த்தால் என்ன சொல்வாரோ என்று இருந்தது. அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஆனால் போய்விடவும் இல்லை. முறத்தை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். புடைத்த பருப்பையே திரும்பத் திரும்பப் புடைத்தாள்.

நான் பேச ஆரம்பித்தேன். ஏன் பேசினேன் என்று தெரியாது. தோட்டத்து வீட்டைப் பற்றி, ஜன்னல் இடுக்கைப் பற்றி, சட்டிக்காரியைப் பற்றி, மழைக்கு மட்டும் வீடு வருகிற மனிதரைப் பற்றி, அவர் வந்த பிறகும் போகாத தனிமையைப் பற்றி என்று அம்மாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் கொங்குத் தமிழில் அந்த நேபாளத்துப் பெண்ணிடம் கொட்டினேன். அவள் இடையிடையே ஏதோ சொன்னாள். ஒரு தடவை அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு என்ன குறையோ. ஒருவருக்கொருவர் ஒரு சொல்லும் புரியாமல் பொழுது சாய்கிறவரை பேசிக்கொண்டிருந்தோம். என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருவர் என் எதிரில் இவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

இருட்டுவதற்குள் அவர் வந்தார். பூட்டைத் திறந்தவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சட்டையெல்லாம் புழுதி, உதடு வெடித்திருந்தது. போன காரியம் சீக்கிரமே முடிந்துவிட்டதாம். வீட்டுக்குத்தான் வழி தெரியவில்லையாம். எங்கள் பக்கத்தில் எங்கே நின்றாலும் திருச்செங்கோட்டு மலை தெரியும், அதை வைத்துத் திசை பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடலாம். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. சந்து முனையில் கோயில் என்று அடையாளம் வைத்திருந்தார். எல்லாச் சந்து முனையிலும் கோயில். நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, பஸ் நிலையத்துக்கே போய், நேற்றுப் பெட்டி தூக்கியவனைத் தேடிப் பிடித்து அவன் பின்னாலேயே வந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளைக்குப் பூட்டிப்போட்டுப் போனேன் அம்மிணி" என்றார். "இல்லீன்னா என்ன ஆயிருக்கும்?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவருடைய வெடித்த உதட்டைப் பார்த்தால் அதைக் காட்டவும் முடியவில்லை. கதவுக்கு வெளியே, நிலைப்படி ஓரத்தில், இலைத் தட்டால் மூடிய ஒரு கிண்ணம் இருந்தது. அவலும் தயிரும். காலையில் அந்த வீட்டுக்காரி எனக்காக வைத்துவிட்டுப் போனது. தயிர் புளித்து அவல் ஊறிப்போயிருந்தது. அத்தனை விசாரணையும் போட்டோவும் பூட்டும் இந்தப் பெண்ணிடமிருந்து என்னைக் காப்பாற்றத்தான். அந்த அவலை வழித்துத் தின்றேன்.

மிச்ச நாட்களில் கோயில்களைப் பார்த்தோம். எல்லாச் சட்டைப்பையிலும் முகவரி எழுதி வைத்துக்கொண்டார். என்னை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடவில்லை. ஊருக்கு வந்ததும் பூட்டு பழையபடி முன்கதவுக்குப் போனது. வந்தவர்களிடமெல்லாம் அவர் வழி தவறிய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மாமனார் திண்டுக்கல் பூட்டின் பெருமையைச் சேர்த்துக்கொண்டார். அன்று முழுக்க உள்ளே நீ என்ன செய்தாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பத்து நாளில் வண்டிக்குப் போய்விட்டார்.

அவர் போன வாரத்தில் மாமனார் சந்தைக்குக் கிளம்பினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பூட்டை எடுத்தார். நான் அடுப்படியிலிருந்து வந்து, அவரைத் தாண்டி வாசலில் இறங்கி நின்றேன்.

"உள்ள போ சாமி, நேரமாச்சு" என்றார்.

"பூட்டோணும்னா பூட்டிக்குங்க மாமா. நான் வெளியவே இருக்கறேன்."

சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிபடவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். கடைசியில் காலி வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தடத்தில் இறங்கி நடந்தார். வீம்போ, பழக்கமோ, அவருக்கே தெரிந்திருக்காது.

வேப்பமரத்தடியில் கல்லில் உட்கார்ந்திருந்தேன். காற்று வந்தது. பயமாகவும் இருந்தது. உச்சிப் பொழுதுக்குச் சட்டிக்காரி கூடையோடு தடத்தில் வந்தாள். மரத்தடியில் இருந்த என்னைக் கவனிக்கவில்லை. நேரே வாசலுக்குப் போய்க் கதவைப் பார்த்து, "ஆருங்க ஊட்ல?" என்று கூப்பிட்டாள். பூட்டைப் பார்த்ததும் வழக்கம்போலத் திரும்பினாள்.

"இங்க இருக்கறனுங்க" என்றேன்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது; கூடையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வந்து கூடையை இறக்கிவைத்து என் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தன வருசமா வந்து கூப்புடறேன். இந்த ஊட்ல பொம்பளைங்களே இல்லைன்னு நெனச்சுட்டனுங்க அம்மிணி."

நான் ஒரு குழம்புச் சட்டியை எடுத்துச் சுண்டிப் பார்த்தேன். நல்ல சத்தம் வந்தது.

"அப்பவும் இருந்தனுங்க" என்றேன்.